ஆறரை மணிக்கு நீ சிரித்துக்கொண்டிருந்தாய்

சாமி,

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு வழக்கம்போல வீடியோவில் கூப்பிட்டபோது, பாப்பாவை அடுத்த மாதத்திலிருந்து டேகேரில் விடப்போவதாகச் சொன்னாய். கராடியில் உங்கள் அபார்ட்மெண்ட்டுக்கு எதிரிலேயே இருக்கிறதாம், ஏசி போட்டிருக்கிறார்களாம், நல்ல மனுஷர்களாம். "டென்ஷன் எடுத்துக்காதம்மா, டெய்லி நாலு மணிக்கு ஆப்ல பாப்பாவோட ஃபோட்டோ போட்ருவாங்க, உனக்கும் ஃபார்வர்ட் பண்ணிடறேன்" என்றாய். நான் "சரி சாமி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு வைத்த ரசத்தில் உப்பே போடவில்லை என்பது சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இதை ஃபோனில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். இங்கிலீஷில் எழுதினால் பல் துலக்கிக்கொண்டே இரண்டு நிமிஷத்தில் படித்து முடித்துவிடுவாய். எனக்கும் இங்கிலீஷ் என்றால் ரிப்போர்ட் எழுதுகிற கை வந்துவிடும். தப்பு யார்மேலும் படாத மாதிரி எழுதிப் பழகிய கை அது. அதனால்தான் தமிழ். மெதுவாகப் படி. பாப்பாவை டேகேரில் விடாதே என்று சொல்ல இதை எழுதவில்லை. உன் சின்ன வயதில் நடந்த ஒன்று எனக்குத் தெரியாது என்று இத்தனை வருடமாக நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். எனக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் சுற்றி வளைத்துத்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

நான் சாகண் கம்பெனியில் என்ன வேலை பார்த்தேன் என்று உனக்குச் சரியாகத் தெரியுமா என்பதே சந்தேகம். "எங்கம்மா வண்டி பார்ட்ஸை ஆட்டிப் பாப்பாங்க" என்று ஸ்கூலில் சொல்லி, டீச்சர் சிரித்துவிட்டாள் என்று அழுதுகொண்டு வந்தாய். அதுதான் வேலை, அழ ஒன்றுமில்லை. வண்டியில் பாகங்களைத் தாங்குகிற இரும்புப் பிராக்கெட் ஒன்றை, ஆட்டுகிற மேஜைமேல் முடுக்கி, அதில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சென்சாரை ஒட்டுவோம். இரும்பு அதிர அதிர, கேபிள் வழியாக மின்சாரம் ஏறி இறங்கி வந்துகொண்டே இருக்கும். அந்த சிக்னலில் வெட்டு கிடையாது, இடைவெளி கிடையாது. ஆனால் அப்படி நிற்காமல் ஓடுகிற ஒன்றை அப்படியே வாங்கிக்கொள்ளக் கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அது ஒரு தடவை எட்டிப் பார்க்கும், அந்தக் கணத்தில் எவ்வளவு வோல்டேஜ் என்று ஓர் எண்ணைக் குறித்துக்கொள்ளும், கண்ணை மூடிக்கொள்ளும். மறுபடி எட்டிப் பார்க்கும். செகண்டுக்கு ஆயிரம் தடவை, ஐயாயிரம் தடவை, நாம் எவ்வளவு வைக்கிறோமோ அவ்வளவு. இதைத்தான் சாம்பிளிங் என்பார்கள். ஸ்கிரீனில் வழவழவென்று ஒரு கோடு வருமே, அது அந்தப் புள்ளிகளைச் சேர்த்துப் போட்டதுதான். இரண்டு புள்ளிக்கு நடுவில் என்ன நடந்தது என்று மெஷின் பார்க்கவே இல்லை.

நடுவில் பார்க்காததால் கொஞ்சம் விட்டுப்போகும், அவ்வளவுதானே என்று நினைப்பாய். விட்டுப்போவது பெரிய விஷயமில்லை. நடக்காத ஒன்று நடந்த மாதிரி தெரியும், அதுதான் ஆபத்து. ஹாலில் மாட்டியிருக்கிற கடிகாரத்தை எடுத்துக்கொள். அதன் சின்ன முள் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு சுற்று வருகிறது. நீ பதினோரு மணி நேரத்துக்கு ஒரு தடவை மட்டும் வந்து பார்த்தால், முதலில் பன்னிரண்டு, அப்புறம் பதினொன்று, அப்புறம் பத்து என்று தெரியும். கடிகாரம் பின்னால் ஓடுகிறது என்று சத்தியம் பண்ணுவாய். சரியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து பார்த்தாயானால், முள் அசையவே அசையாது. நின்றுபோன கடிகாரம் என்பாய். உள்ளே அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவைக்கு மேல் பார்த்தால்தான் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதாவது தெரியும். எங்கள் லேபில் சேருகிற புதுப் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம் இது. இன்னொன்றும் சொல்வேன்: எதுவாக இருந்தாலும் சாம்பிள் எடுப்பதற்கு முன்னால் சரி பண்ணிக்கொள், எடுத்த பிறகு என்ன கணக்குப் போட்டாலும் பொய்யையும் நிஜத்தையும் பிரிக்க முடியாது.

அப்படிச் சொல்லிக்கொடுத்த மகராசி ஒரு பிராக்கெட்டில் கோட்டை விட்டேன். நீ அப்போது சின்னக் குழந்தை. ரீடிங் எல்லாம் ஒழுங்காக வந்திருந்தது, ஒரே ஒரு புள்ளி மட்டும் எங்கேயோ மேலே போய் நின்றது. கேபிள் லூஸாக இருந்திருக்கும் என்று நானே முடிவு பண்ணி, அந்தப் புள்ளியை எடுத்துவிட்டு, பாஸ் என்று கையெழுத்துப் போட்டேன். மூன்று மாதம் கழித்து ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது பிராக்கெட்டில் விரிசல். நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சாம்பிளிங் வேகத்தை எட்டு மடங்கு கூட்டித் திரும்பவும் ஆட்டிப் பார்த்தோம். ஒற்றைப் புள்ளி நின்ற இடத்தில் ஒரு கூட்டமே துடித்துக்கொண்டிருந்தது. மேனேஜர் முன்னால் போய் நின்று, புள்ளியை நீக்கியது நான்தான் என்று சொல்லிவிட்டேன். திட்டினார், அப்புறம் டீ வாங்கிக்கொடுத்தார். ஆபீசுக்கு நான் எவ்வளவு சீக்கிரம் உண்மையைச் சொல்லியிருக்கிறேன் பார்.

இது நடந்து ஒரு வருடம் கழித்துத்தான் உன் விஷயம். அதை மறந்துவிடாதே. தெரியாமல் செய்தேன் என்று எனக்கு ஒரு சாக்குக்கூட இல்லை.

உனக்கு அஞ்சு வயது. அப்பாவை பேங்கில் நாக்பூருக்குத் தூக்கிப் போட்டிருந்தார்கள், மாதத்துக்கு இரண்டு தடவை வந்து போவார். சாங்வியில் இதே பில்டிங், நாம் நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடியில் ஒரு மராத்தி அம்மா நாலைந்து குழந்தைகளைப் பார்த்துக்கொள்வாள். எல்லாரும் காக்கூ என்றுதான் கூப்பிடுவோம். பன்னிரண்டரைக்கு ஸ்கூல் வேன் உன்னை அவள் வீட்டில் இறக்கிவிடும். என் கம்பெனி பஸ் ஆறு இருபதுக்கு முனையில் நிற்கும். ஆறரைக்கு நான் பெல் அடிப்பேன். கதவு திறக்கும்போது முகம் கழுவி, பவுடர் போட்டு, தலை வாரி, ஷூ மாட்டி, பையோடு தயாராக நிற்பாய். என்னைப் பார்த்ததும் சிரிப்பாய். "இன்னைக்கு எப்படி இருந்துச்சு சாமி?" "நல்லா இருந்துச்சு." தினமும் அதே கேள்வி, தினமும் அதே பதில். மூன்றாவது மாடி ஏறுவதற்குள் என் மனசு நிம்மதியாகிவிடும். நாலாவது மாடியில் நான் குக்கர் வைக்கிற கவலைக்குப் போய்விடுவேன்.

ஒரு குழந்தைக்கு ஒரு நாள் என்பது ஒரு முழுச் சுற்று. சிரிப்பு, அழுகை, பசி, பயம், தூக்கம் எல்லாம் அந்த ஒரு சுற்றுக்குள் வந்து போய்விடும். நான் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை, அதுவும் சரியாக அதே இடத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மகன் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறான் என்று நேர்கோடு போட்டு வைத்திருந்தேன்.

அந்த ஜூலையில் ஒரு புதன்கிழமை. மழை கொட்டி சாகண் பக்கம் கரண்ட் போய், ஆட்டுகிற மேஜை ஓடவில்லை என்று எங்களை மத்தியானமே பஸ்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். நான் படியேறி வந்தபோது மணி மூன்று. இரண்டாவது மாடித் திருப்பத்தில், காக்கூவின் வீட்டுக்கு வெளியே, ஈரப் படியில் நீ உட்கார்ந்திருந்தாய். ஷூவை மடியில் வைத்துக் கட்டிப் பிடித்திருந்தாய். ஜன்னல் வழியாகச் சாரல் அடித்து அரை டிராயர் நனைந்திருந்தது. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது.

"ஏஞ்சாமி, இங்க உக்காந்திருக்கற?"

"அம்மா, இன்னும் ஆறரை ஆகலையே" என்றாய்.

பெல் அடித்தேன். காக்கூ தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. இன்றைக்கு மட்டும்தான், மத்தியானம் தூங்க மாட்டேன் என்கிறான், சத்தம் போட்டுக் கைக்குழந்தைகளை எழுப்பிவிடுகிறான், அஞ்சு நிமிஷம்தான் ஆச்சு என்று மராத்தியும் ஹிந்தியுமாகச் சொன்னாள். அவளும் அரக்கி இல்லை சாமி. வயதானவள், விடியலில் எழுந்து ஒற்றை ஆளாக அத்தனை பிள்ளைகளையும் மேய்க்கிறவள். நான் குனிந்து உன்னைக் கேட்டேன்: "டெய்லியும் இப்படித்தான் வெளிய உக்கார வெக்கறாங்களா?" நீ அவளைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய். "இல்லம்மா. இன்னைக்குத்தான்." நான் அதைப் பிடித்துக்கொண்டேன். கேபிள் லூஸ் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஆனால் உன்னைத் தூக்கும்போது சுவரைப் பார்த்துவிட்டேன். நீ உட்கார்ந்த இடத்தில், உன் தோள் உயரத்துக்கு, பென்சிலால் பஸ் வரைந்திருந்தாய். என் கம்பெனி பஸ். முன்னால் இரண்டு விளக்கு, ஜன்னலில் ஒரு பொட்டு வைத்த தலை. ஒன்றில்லை. ஒரு வரிசை, அதற்குக் கீழே இன்னொரு வரிசை, அதற்கும் கீழே. பழையவை கைபட்டு மங்கியிருந்தன, கடைசி ஒன்று கறுப்பாகப் பளபளத்தது. அது ஒரு நாள் வேலை இல்லை. அஞ்சு நிமிஷ வேலை இல்லவே இல்லை. நான் எண்ணவில்லை. ரீடிங் எண்ணியே பிழைப்பு நடத்துகிறவள், என் பிள்ளை வரைந்த பஸ்களை மட்டும் எண்ணப் பயந்தேன்.

வேலையை விட்டிருக்கலாம் என்று இப்போது சொல்வது சுலபம். அந்த லேபில் நான் ஒருத்திதான் பெண். "குழந்தை இருக்கிறது, எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள்" என்று காதுபடவே பேசுவார்கள். தாக்குப்பிடித்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி இருந்தது. வேறு ஆள் தேடியிருக்கலாம், அப்பாவிடம் சொல்லியிருக்கலாம், அவர் அடுத்த ரயிலைப் பிடித்து வந்திருப்பார். வந்தால் முதலில் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் சொல்லவில்லை. என் வேலைக்காக உன்னைப் படியில் உட்கார வைத்தது காக்கூ இல்லை, நான்தான்.

அதற்கடுத்து நான் செய்ததை எழுதத்தான் நாலு நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கெட்டில் சோப்புத் தண்ணீரோடு கீழே போய், அந்தச் சுவரைத் தேய்த்துக் கழுவினேன். யாராவது பார்த்துவிட்டுக் கேட்பார்கள் என்று பயம். அப்பா அடுத்த வாரம் வரும்போது பார்த்துவிடுவார் என்று அதைவிடப் பயம். நீதான் பக்கத்தில் நின்று மக் பிடித்தாய். பொதுச் சுவரில் கிறுக்கினால் எல்லாரும் அம்மாவைத்தான் திட்டுவாங்க என்று உன்னை அதட்டவும் செய்தேன். "சாரிம்மா" என்றாய். நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய், சாமி. அதன் பிறகு அந்தச் சுவரில் ஒரு பஸ்கூட வரவில்லை.

இன்னும் ஒன்றரை வருடம், உனக்கு முழுநாள் ஸ்கூல் ஆரம்பிக்கும்வரை, நீ அங்கேதான் இருந்தாய். அந்த ஒன்றரை வருடத்தில் மூன்று நாலு தடவை பஸ் சீக்கிரம் வந்தது. ஒரு தடவை நாலரைக்கே இறங்கிவிட்டேன். வீட்டுக்கு வரவில்லை. முனையில் இருக்கிற பாஜி மண்டிக் காய்கறிக் கடைக்குப் போய், வேண்டாத மேத்திக் கீரையையும் கொத்தவரங்காயையும் புரட்டிக்கொண்டு, கடைக்காரர் முறைக்கும்வரை நின்றுவிட்டு, ஆறரைக்கு வந்து பெல் அடித்தேன். நீ பவுடர் போட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாய். "நல்லா இருந்துச்சு" என்றாய். நடுவில் பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் நடுவில் பார்க்கவில்லை. மெஷின் பாவம், அதற்கு வைத்த வேகத்தில்தான் பார்க்கும். நான் வேண்டுமென்றே கண்ணை மூடிக்கொண்டவள்.

இதையெல்லாம் நான் என்னோடு எடுத்துக்கொண்டே போயிருப்பேன். மூன்று வாரத்துக்கு முன்னால் பாப்பாவின் காதுகுத்துக்கு வந்திருந்தேனே, அன்றைக்குச் சாப்பாடெல்லாம் முடிந்து நான் உள்ரூமில் பாப்பாவைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டிருந்தேன். கிச்சனில் நீ உன் பெண்டாட்டியிடம் ஹிந்தியில் சொல்லிக்கொண்டிருந்தாய், சிரித்துக்கொண்டுதான் சொன்னாய்: நான் படிக்கட்டில் வளர்ந்த பையன், மத்தியானம் ஆனால் காக்கூ வெளியே விட்டுத் தாழ் போட்டுவிடுவாள் என்று. அவள் பதறிப்போய், அம்மாவிடம் சொல்லவில்லையா என்று கேட்டாள். நீ சொன்னாய்: "அம்மாவுக்கு இன்னி வரைக்கும் தெரியாது. தெரிஞ்சா வேலையை விட்டிருப்பா. அவளுக்கு அந்த வேலைன்னா உயிரு. நீயும் சொல்லிடாத, தாங்க மாட்டா."

அஞ்சு வயதில் என் வேலையைக் காப்பாற்ற நீ பொய் சொன்னாய். முப்பது வயதில் என்னைக் காப்பாற்ற அந்தப் பொய்யைக் கட்டிக்காக்கிறாய். உனக்குத் தெரிந்த அம்மா, விஷயம் தெரிந்தால் வேலையை விட்டிருப்பாள். அப்படி ஓர் அம்மா இல்லை, சாமி. தெரிந்த பிறகும் காலையில் பஸ் ஏறிப் போன அம்மாதான் இருக்கிறாள். நீ கோபப்படு. பேசாமல் இருக்க வேண்டுமென்றால் பேசாமல் இரு. ஆனால் இல்லாத ஒருத்திக்காக இனிமேல் நீ அதைச் சுமக்க வேண்டாம்.

பாப்பாவை டேகேரில் விடு. உன் பெண்டாட்டியை வேலையை விடச் சொன்னாய் என்று தெரிந்தால் நான்தான் முதலில் சண்டைக்கு வருவேன். நாலு மணி ஃபோட்டோவை மட்டும் நம்பாதே. நாலு மணிக்கு ஃபோட்டோ என்றால் மூன்றே முக்காலுக்கு முகம் கழுவிவிடுவார்கள். ஒரு நாள் பதினோரு மணிக்குப் போ, ஒரு நாள் இரண்டரைக்குப் போ, நீ ஒரு நாள், அவள் ஒரு நாள், சொல்லாமல் போய் நில்லுங்கள். எல்லாம் நன்றாக இருக்கும்போது ஒரு நாள் மட்டும் வித்தியாசமாக ஒன்று கண்ணில் பட்டால், அதைத் தள்ளிவிடாதே. பாப்பாவுக்குப் பேச்சு வந்த பிறகு, நல்லா இருந்துச்சா என்று கேட்காதே, அதற்கு ஆமாம் என்றும் இல்லை என்றும் இரண்டே பதில்தான். மத்தியானம் மழை பெய்ததே, நீ எங்கே இருந்தாய் என்று கேள்.

கடைசியாக ஒன்று. நீ என்னை ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடுகிறாய். ஒரு வாரம்கூடத் தவறியதில்லை, அதில் குறையே சொல்ல மாட்டேன். ஆனால் பத்தரைக்கே நான் குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட புடவை கட்டி, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். "எப்படிம்மா இருக்க?" என்கிறாய். "நல்லா இருக்கேன் சாமி" என்கிறேன். அப்பா போனதிலிருந்து மத்தியானத்தில் இந்த வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. அவர் செருப்பு சத்தம் கேட்கிறது. இரண்டு மணி ஆனதும் கதவைச் சாத்திவிட்டுக் கீழே இறங்கி வந்துவிடுகிறேன். காக்கூ வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். சுவருக்கு எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். ஒரு புதன்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு வா. வருகிறேன் என்று ஃபோன் பண்ணாதே. நாலாவது மாடிவரைக்கும் ஏற வேண்டியதில்லை. இரண்டாவது மாடித் திருப்பத்தில் நான் உட்கார்ந்திருப்பேன்.

அம்மா